விடுபட்டோர் ஞாயிறு

ஜில்பேர் மாஸ்டர் அன்பியப் பொறுப்பாளர் ஆனதற்குக் காரணம் அவருடைய பக்தி அல்ல, குரல்.

முதலியார்பேட்டை வெரோனிக்கம்மாள் கோயில் பங்கில் தெருவுக்கு ஓர் அன்பியம் உண்டு. தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூட வேண்டும். விவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றி மனம்விட்டுப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துவிட்டுக் கலைய வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். இதை வழிநடத்த ஒரு மத்தியக் குழு, மத்தியக் குழுவைக் கவனிக்க ஓர் ஆலோசனைக் குழு, இரண்டுக்கும் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்ள ஓர் இணைப்புக் குழு இருந்தன. வெள்ளிக்கிழமை வந்து உட்காரத்தான் ஆள் இல்லை.

பழைய பொறுப்பாளர் மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டதால், புதியவரைத் தேர்ந்தெடுக்கப் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாஸ்டர் கூட்டத்துக்கு வந்தவர் இல்லை. ஒரு தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரான அவர், வெளியூரில் படிக்கும் மகளுடைய ஞானஸ்நானச் சான்றிதழுக்கு நகல் கேட்டு வந்து வாசலில் நின்றிருந்தார். மைக் நின்றுபோய், மண்டபமே சந்தைக்கடையாக இருந்தது. பங்குத்தந்தை சூசைநாதர் கையைக் காட்ட, மாஸ்டர் மைதானத்தில் கத்துவதுபோல "அமைதி!" என்று ஒரு சத்தம் போட்டார். கைக்குழந்தை ஒன்று அழுகையைப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

"வொலா! இதோ ஆளு கெடைச்சிட்டாரு" என்றார் முசியே பெஞ்சமேன்.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் மத்தியக் குழுத் தலைவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ராணுவம் அவரை விட்டுவிட்டது, அவர் ராணுவத்தை விடவில்லை.

"எனக்கு விவிலியம் அவ்வளவா தெரியாதே முசியே" என்றார் மாஸ்டர்.

"தெரிஞ்சவங்களப் போட்டா பேசிகிட்டே இருப்பாங்க. நேரத்துக்கு முடிக்கிற ஆளுதான் எங்களுக்கு வேணும். தக்கோர்?"

தக்கோர் என்றால் சம்மதமா என்று அர்த்தம். முசியே கேட்டால் அது கேள்வி அல்ல.

உடனே பயிற்சி ஆரம்பமானது. நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பொறுப்பாளர்கள் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். விவிலியப் பகிர்வை ஏழு படிகளில் நடத்த வேண்டுமாம். அதில் ஒரு படி மௌனம். மௌனத்தைப் பற்றி முசியே காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் பேசினார். பின்னால் சுற்றுலாப் பயணிகளின் மோட்டார் படகுகள் இரைந்ததால் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மதியம் எல்லாரும் மௌனத்தைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று திட்டம். நேரம் போதாமல் அதை மட்டும் ரத்து செய்தார்கள்.

"உலகம் பூரா ஏழு படிதான். நம்ம பங்குல எட்டு" என்று முடிவுரையில் அறிவித்தார் சூசைநாதர். "எட்டாவது படி, புகைப்படம். கூடினீங்கன்னு கடவுளுக்குத் தெரியும். மத்தியக் குழுவுக்கும் தெரியணும் இல்லையா?"

முதல் வெள்ளிக்கிழமை மாஸ்டர் கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து கூடத்திலும் வாசலிலும் போட்டார். மெழுகுவத்தி ஏற்றினார். அவரும் மனைவி லெத்திசியாவும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

கடைசியில் கேட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"என்னா மாஸ்டர், சேரெல்லாம் காலியா கெடக்குது? நான் வேணா வந்து ஒக்காந்துக்கவா?"

எதிர்வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் அஞ்சலாட்சி. பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷன் இறந்த பிறகு நிலத்தைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர். கடலூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கும் வேலை. ஒரே மகளைத் திருவண்ணாமலையில் கட்டிக் கொடுத்திருந்தார். நெற்றியில் பட்டையாக விபூதி.

"வாங்கக்கா" என்றாள் லெத்திசியா.

அன்றிலிருந்து அஞ்சலாட்சி ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. விவிலியம் வாசிக்கும்போது பெரும்பாலும் தூங்கிவிடுவார். ஜெபத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வார்.

"ராப்பஸ்ஸுல போறவங்க நல்லபடியா போய்ச் சேரணும். மேஸ்திரி வூட்டுப் பொண்ணு பரிட்சை பாஸாவணும். மண்டபத்து மேனேஜருக்கு நல்ல புத்தி வரணும், வரலன்னா வேற மண்டபத்துக்கு மாத்தல் வரணும்."

ஜெபத்தில் சிரித்துப் பழக்கமில்லாத லெத்திசியா அன்று வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அடுத்த மாதம் காரைக்காலில் அவள் அம்மா இறந்து, காரியம் முடிந்து திரும்பியபோது, அன்பியத்திலிருந்து வாட்ஸப்பில் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்திருந்தன. அஞ்சலாட்சி வேலைக்குப் போகாமல் வந்து, ரசம் வைத்து இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மௌனத்துக்கு அவர் நோணாங்குப்பம் போகவில்லை.

மாஸ்டர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதற்கிடையே எட்டாவது படி தன் வேலையைக் காட்டியது. படத்தில் தலைகள் குறைந்தால் தெருவின் பெயரை ஞாயிறு பூசையில் வாசித்தார்கள். ஆகவே தெரு ஒரு முடிவுக்கு வந்தது. ஆரம்பத்திலேயே எல்லாரும் வந்து, படத்துக்கு நின்று, "வரேன் மாஸ்டர்" என்று போய்விட்டார்கள். இது தெரிந்ததும் மத்தியக் குழு, படம் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. எல்லாரும் கடைசியில் வந்தார்கள். ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டு படங்கள் வேண்டும் என்றது அடுத்த சுற்றறிக்கை. தெரு இரண்டு முறை வந்தது. நடுவில் வீட்டுக்குப் போய்த் தோசைக்கு மாவு கரைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு திரும்பினார்கள். நடுவில் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தவர் அஞ்சலாட்சி மட்டும். படத்துக்கு ஆள் நெருக்கினால் எழுந்து நாற்காலி கொடுப்பவரும் அவர்தான்.

அதனாலேயே அவர் எல்லாப் படத்திலும் ஓரத்தில் நின்றார்.

ஒரு நாள் முசியே மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். செல்போனில் படத்தைப் பெரிதாக்கி, விபூதிப் பட்டையின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"அஞ்சலாட்சி அக்கா முசியே. எதிர்வீடு."

"கோயில் குடும்ப அட்டை நம்பர்?"

"அவங்க நம்ம கோயில் இல்ல. சும்மா வந்து ஒக்காருவாங்க."

"சும்மா ஒக்கார்றதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டா? அட்டை உள்ளவங்க வரல, இல்லாதவங்க வராங்க. வராதவங்களக்கூட வந்ததா போட்டுக்கலாம். வர்றவங்கள வந்ததா போட வழியில்ல. என் கஷ்டம் புரியுதா ஒங்களுக்கு?"

மாஸ்டருக்கு உண்மையில் புரியவில்லை. பங்குத்தந்தையிடம் போனார். சூசைநாதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஜில்பேர், நம்ம கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. அதுல மாற்றமே கிடையாது. ஆனா திறந்த கதவுக்குள்ள யார் வரணும்னு ஒரு ஒழுங்கு வேணும் இல்லையா? இல்லன்னா திறந்து வைச்சதுக்கே அர்த்தமில்லாம போயிடும். அடுத்த வாரம் ஒங்க அன்பியத்துக்குத்தான் ஆய்வு. சிறந்த அன்பியத்துக்கான சுழற்கேடயம் ஒங்க தெருவுக்கு வர வாய்ப்பிருக்கு. அந்த ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

கேடயம் என்றதும் மாஸ்டருக்குள் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பள்ளி எந்தப் போட்டியிலும் கேடயம் வாங்கியதில்லை.

"சொல்லாதீங்க" என்றாள் லெத்திசியா. "அவங்க மனசு என்னா ஆவும்?"

"ஒரு வாரந்தானே."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் வர மாட்டேன்."

மறுநாள் காலை அஞ்சலாட்சி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் தெருவைக் கடந்து போனார்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை..."

"தெரியுமே. பெரிய ஆளுங்கல்லாம் வராங்களாம், லெத்திசியா சொல்லிச்சு. கொண்டக்கடலை ஊறப்போட்டுடறேன். சுண்டல் என் பொறுப்பு."

"அதில்லக்கா. அன்னைக்கு எங்க ஆளுங்க மட்டும் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க."

எங்க ஆளுங்க. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வெளியே வந்ததை மாஸ்டர் கேட்டார். அஞ்சலாட்சியும் கேட்டார். துடைப்பம் ஒரு நொடி நின்றது.

"நான் வந்தா ஒங்களுக்குப் பேச்சு வருமா மாஸ்டர்?"

"ஒரு வாரந்தான்க்கா. அடுத்த வாரம் வழக்கம்போல வாங்க."

"சரி மாஸ்டர். அதுக்கென்னா." பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

ஆய்வு நாளன்று தெருவே திரண்டது. ஞானஸ்நானம், திருமணச் சான்றிதழ் தேவைப்படுவோர் கவனத்துக்கு என்று முசியே வாட்ஸப்பில் ஒரு வரி போட்டிருந்தார், வேறொன்றும் சொல்லவில்லை. பட்டுப்புடவையும் சென்ட் வாசனையுமாக நாற்காலிகள் நிறைந்தன. முசியே மதிப்பெண் அட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். யார் எந்தப் படியில் என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே பங்கிட்டுக் கொடுத்திருந்ததால், மனம்விட்டுப் பேசும் படி தடங்கலின்றி நடந்தது. கண்கலங்க வேண்டியவர் தன் முறை வந்ததும் கண்கலங்கினார்.

வாசிக்கக் கொடுத்த பகுதி, விருந்துக்கு அழைத்தவர்கள் வராமல் போனதால் வீட்டுக்காரர் ஆளனுப்பித் தெருவில் கண்டவர்களையெல்லாம் கூட்டிவரச் சொன்ன கதை. மாஸ்டர் தன் மைதானக் குரலில் ஆரம்பித்தார். தெரு என்ற இடத்துக்கு வந்ததும் கண் தானாக வாசல் பக்கம் போனது. எதிர்வீட்டுப் பின்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியை வாசிக்க முடிந்தது.

"வாசிப்பில் உருக்கம்" என்று முசியே அட்டையில் எழுதிக்கொண்டார். முழு மதிப்பெண்.

அப்போது அடுக்களைப் பக்கம் லெத்திசியா கையைக் காட்டினாள். மாஸ்டர் போய்ப் பார்த்தார். மேடைமேல் ஒரு பெரிய தூக்கில் சுண்டல், தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் போட்டு, ஆவி பறக்க இருந்தது.

"பின்வாசல்ல வந்து குடுத்துட்டுப் போனாங்க" என்றாள் லெத்திசியா. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உள்ள வரல. நான் கூப்ட்டேன். 'வேணாம்மா, மாஸ்டருக்குச் சங்கடம்'னுட்டாங்க."

சுண்டலை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். உபசரிப்புக்கும் முழு மதிப்பெண். மாஸ்டரால் ஒரு கடலையைக்கூட விழுங்க முடியவில்லை.

கேடயம் வந்தது. கோயிலில் கைதட்டினார்கள். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் லெத்திசியா அதற்கு இடம் தரவில்லை. அலமாரிக்குள் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தெரு ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வந்து போனது. நடுவில் மாஸ்டரும் லெத்திசியாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்து மேனேஜருக்காக ஜெபிக்க ஆளில்லை.

தூக்கைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய்ப் பேசலாம் என்று மாஸ்டர் நினைத்தார். தினமும் நினைத்தார். ஒரு நாள் அஞ்சலாட்சி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போய், பின்கட்டுக் கம்பிக் கதவில் தூக்கை மாட்டிவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பினார். அதைச் செய்த பிறகு முன்னைவிட மோசமாக இருந்தது. தெருவில் எதிர்ப்பட்டால் அஞ்சலாட்சி எப்போதும்போல் சிரித்தார், "ஸ்கூலுக்கா மாஸ்டர்?" என்று கேட்டார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். இதற்கு என்ன சொல்வது?

சாப்பாடு இறங்காமல் போனதும் மாஸ்டர் மறுபடி பங்குத்தந்தையிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார். தான் செய்தது தப்பு, பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார்.

சூசைநாதரின் முகம் மலர்ந்தது.

"மனசு உறுத்துதா? ரொம்ப நல்லது. குற்றவுணர்வுங்கறது ஒரு கொடை, ஜில்பேர். அதைத் தனியா வைச்சுகிட்டு அழுதா வீணாப் போயிடும். அதை ஒரு நிகழ்ச்சியா மாத்தணும்." மேசை நாட்காட்டியைப் புரட்டினார். "கடைசி ஞாயிறு காலியா இருக்கு. விடுபட்டோர் ஞாயிறு! நம்ம அன்பியங்கள்ல விடுபட்டுப்போனவங்களை மேடையேத்திப் பொன்னாடை போத்தறோம். அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"ஃபாதர், அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டாப் போதும்னு..."

"கேக்கலாம், தாராளமா கேக்கலாம். மேடையில நேரம் ஒதுக்கித் தரேன். ஆமா, வேற யாராவது விடுபட்டிருக்காங்களா? ஒருத்தர் மட்டும்னா மேடை நிறையாது. முசியேகிட்ட சொல்லி, அன்பியத்துக்கு ஒருத்தரை விடச் சொல்லலாமா?"

தேடிப் பார்க்க இன்னும் நாள் இருந்ததால், அதற்கு அவசியம் வராது, ஏற்கெனவே விட்டவர்களே போதுமான அளவு இருப்பார்கள் என்று பங்குத்தந்தையே சமாதானம் அடைந்தார்.

அழைக்கப் போனபோது அஞ்சலாட்சி வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாஸ்டர் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு வாய்க்குள்ளேயே நின்றது. கோயிலில் ஒரு விழா, நீங்கள் வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"இந்த வாட்டி நான் வரலாமா?" என்று கேட்டார் அஞ்சலாட்சி. குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் மாஸ்டரைக் குத்தியது.

"ஒங்களுக்காகத்தான் விழாவேக்கா."

"எனக்கா? நான் என்னா பண்ணேன்?"

கோயில் வாசலில் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் சூசைநாதர், பக்கத்தில் முசியே, மூலையில் அன்பியப் படத்திலிருந்து வெட்டி எடுத்த அஞ்சலாட்சியின் முகம். யாரோ பக்தியோடு விபூதியை அழித்திருந்தார்கள். கீழே, "விடுபட்ட சகோதரி ஏஞ்சலா அவர்களே வருக!" என்று இருந்தது.

அஞ்சலாட்சி அதை அண்ணாந்து பார்த்தார். "யாரு மாஸ்டர் இந்தம்மா? எங்கயோ பாத்தாப்பல இருக்குது."



பங்கு மண்டப மேடையில் வரிசையாக நாற்காலிகள். விடுபட்டோருக்கான இருக்கைகளில் முக்கியஸ்தர்கள் உட்கார்ந்துவிட்டதால் விடுபட்டோரைச் சிறிது நேரம் படிக்கட்டில் நிற்கச் சொன்னார்கள். வரவேற்புரை, முன்னுரை, நோக்கவுரை முடிந்தது. முசியே பேசினார்.

"ஒருத்தரையும் விடக்கூடாதுங்கறதுதான் நம்ம கொள்கை. இன்னைக்கு இத்தனை பேரை விட்டிருக்கோம்னு துல்லியமா கண்டுபிடிச்சிருக்கோம்னா, அது மத்தியக் குழுவோட கடுமையான ஒழைப்பு. அடுத்த வருஷம் இதைவிட அதிகமான விடுபட்டோரை மேடையில நீங்க பாப்பீங்க. இது என் வாக்குறுதி!"

கைதட்டல் முடிந்ததும் பொன்னாடை போர்த்தி, சூசைநாதர் அஞ்சலாட்சியின் முன்னால் மைக்கை நீட்டினார். "சொல்லுங்கம்மா. நீங்க ஏன் அன்பியத்துக்கு வராம நின்னுட்டீங்க? தைரியமா சொல்லுங்க. எங்க தப்பை நாங்க தெரிஞ்சுக்கணும்."

அஞ்சலாட்சி கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்ல சாமி. மூட்டுவலி. அதான் வரல. மாஸ்டர் கூப்ட்டுக்கினேதான் இருந்தாரு. நாந்தான் வரல."

மாஸ்டர் எழுந்து மேடைக்குப் போனதும் மைக்கை வாங்கியதும் அவருக்கே தெரியாமல் நடந்தது.

"பொய். அவங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் வராதீங்கன்னு சொன்னேன். ஒரு கேடயத்துக்காகச் சொன்னேன். அவங்க செஞ்ச சுண்டலுக்கு மார்க் வாங்கினேன். அவங்கள வாசல்ல நிறுத்திட்டு, உள்ள தெருவுல போறவங்களக் கூப்புடற கதையை வாசிச்சேன்."

அந்த மைதானக் குரல் உடைந்து நின்றது.

பிறகு எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கிளம்பி, மண்டபம் முழுவதும் பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். சூசைநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அற்புதம்! இதுதான் நான் எதிர்பார்த்த பகிர்வு. அடுத்த மாசம் மத்த பங்குகளுக்கும் ஜில்பேரை அனுப்பறோம். இதே மாதிரி, இதே எடத்துல குரல் ஒடையணும்." முசியே கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேரத்துக்கு முடிச்சீங்க. வொலா, ஒங்க பலமே அதுதான்."

கைதட்டாதவர் அஞ்சலாட்சி மட்டும். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது இருவரும் சேர்ந்துதான் நடந்தார்கள். லெத்திசியா பின்னால் கோயிலில் நின்றுவிட்டாள். தெருமுனை திரும்பியதும் அஞ்சலாட்சி கேட்டார்.

"எதுக்கு மாஸ்டர் அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க? நாந்தான் ஒடம்பு சரியில்லன்னு சொல்லி முடிச்சிட்டேனே."

"மனசு கேக்கலக்கா."

"ஒங்க மனசு கேக்கலன்னு எல்லாரும் என்னையில்ல திரும்பித் திரும்பிப் பாத்தாங்க? பாவம், பாவம்னாங்க. எனக்கு ஒடம்பே குறுகிப்போச்சு." சற்று நடந்துவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட சொல்லலியே நீங்க. மைக்குலதான சொன்னீங்க."

மாஸ்டர் நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் யாரோ பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது அஞ்சலாட்சிக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. சத்தம் நின்றதும் மறுபடி சொன்னார். "தப்பு பண்ணிட்டேன்க்கா. மன்னிச்சுக்குங்க."

"சரி, வுடுங்க" என்றார் அஞ்சலாட்சி. மன்னித்துவிட்டதாகவும் இருந்தது, பேச்சு போதும் என்பதுபோலவும் இருந்தது.

"வெள்ளிக்கிழமை வருவீங்களாக்கா?"

"வெள்ளிக்கிழமை வேணாம் மாஸ்டர். இந்த போட்டோ கீட்டோ எதுவும் இல்லாத ஒரு நாள் சொல்லுங்க. வந்து ஒக்காந்துட்டுப் போறேன்."

மாஸ்டர் யோசித்தார். திங்கள் பொறுப்பாளர் கூட்டம். செவ்வாய் மத்தியக் குழு. புதன் ஆலோசனைக் குழு. வியாழன் வெள்ளிக்கான முன்தயாரிப்பு. சனி வெள்ளியைப் பற்றிய மதிப்பீடு. அஞ்சலாட்சி பொறுமையாகக் காத்து நின்றார்.

"செவ்வாய்" என்றார் மாஸ்டர்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே, தனக்குக் காய்ச்சல், மத்தியக் குழுவுக்கு வர இயலாது என்று செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. சகோதரர் ஜில்பேரின் உடல்நலத்துக்காக மத்தியக் குழு ஜெபிக்கிறது. அவரை வீட்டில் சந்தித்து ஆறுதல் சொல்ல ஒரு துணைக்குழு அமைக்கப்படும். சந்திக்கும் தேதியை முடிவு செய்ய அத்துணைக்குழு அடுத்த மாதம் கூடும்.

லெத்திசியா அதை வாங்கிப் படித்தாள். "நல்லா இருக்கறப்பவே காய்ச்சல்னு பொய் சொல்றீங்களே, உறுத்தலியா?"

மாஸ்டர் உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தார். "இல்ல" என்றார். அவருக்கே வியப்பாக இருந்தது.

சாயங்காலம் அஞ்சலாட்சி வந்தார். மெழுகுவத்தியும் படிகளும் இல்லை. லெத்திசியா காபி கொடுத்தாள். திருவண்ணாமலை மகளுக்கு மூன்றாம் மாதம் என்று அஞ்சலாட்சி சொன்னார். லெத்திசியா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்து மேனேஜர் மாறிவிட்டாராம், புதிதாக வந்தவர் அவரைவிட மோசமாம். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். முன்பெல்லாம் கூடத்துக்கு நடுவில், மின்விசிறிக்குக் கீழே உட்காரும் அஞ்சலாட்சி, இன்று எத்தனை சொல்லியும் உள்ளே வராமல் கதவோரமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

பேச்சுக்கு நடுவில் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி காபி டம்ளரைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஒங்க ஆளுங்க யாராச்சும் வராங்களா மாஸ்டர்? நான் பின்பக்கமா போய்க்கறேன்."

"யாரும் இல்லக்கா. பக்கத்து வூட்டுக்கு வந்திருக்காங்க. ஒக்காருங்க."

"இல்ல, வந்தா சொல்லுங்க. ஒண்ணுமில்ல, நான் போயிடுவேன்."

"ஒக்காருங்கக்கா" என்றார் மாஸ்டர். குரல் எழும்பவே இல்லை.

அஞ்சலாட்சி உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.